நாகல் நகரில் கட்டிய படகு

என் கணவர் படகு செய்யப் போவதாகச் சொன்ன காலையில் அவருடைய சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். சில மாதங்களாகவே அப்படித்தான். வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடும். இடையில் எதையும் பிடித்து நிறுத்தாது. கழுத்துப் பொத்தானைப் போட்டுக் காலரை மடித்துவிட்டபோது சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒரு போட்டு செய்யலாம்னு இருக்கேன்."

பூட்டுக்குப் பேர்போன எங்கள் திண்டுக்கல்லில் அது பூட்டு என்றுதான் காதில் விழும். எங்காவது பூட்டுப் பட்டறைக்கு வேலைக்குப் போகப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, நல்லதுதான் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. இல்லை, தண்ணீரில் போகிற போட்டு, துடுப்புப் போட்டு ஓட்டுவது என்று அவர் விளக்கினார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நோய் மூளைக்கும் ஏறிவிட்டதோ என்று பயம். அப்படி ஏறாது என்று என் மகள் முன்பே சொல்லியிருந்தாள். ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவர் லாரி டிரைவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய் இறக்கிவிட்டு வருவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை, அதே பாதை. ஒரு தடவை குமுளி மலை இறக்கத்தில் கியர் மாற்றக் கையை வைத்தவருக்கு, கம்பியைப் பிடிக்கவே முடியவில்லை. கூட வந்த இன்னொரு டிரைவர் எட்டிப் பிடித்து வண்டியை ஓரம் கட்டினார். பாலசமுத்திரத்துக்காரர், இவருக்கு நெருங்கிய சிநேகிதர். தூக்கக் கலக்கம் என்று இரண்டு பேரும் முதலாளியிடம் சொல்லிச் சமாளித்தார்கள். அதற்குப் பிறகு கையின் சதை கரையத் தொடங்கியது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் மேடு பள்ளமாகிப்போனது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தோளில் தோலுக்கு அடியில் ஏதோ நெளிவதுபோலத் துடிக்கும். அதைப் பார்க்கக் கூடாது என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மதுரையில் ஊசி குத்திப் பார்க்கும் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு, தசைக்கு உத்தரவு கொடுக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். மாத்திரை இருக்கிறது, அது கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். என் மகள் அங்கேயே வேறொரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். வெளியே வராந்தாவில் என்னை உட்காரவைத்து அவள்தான் மிச்சத்தைச் சொன்னாள்.

"இது கையோட நிக்காதும்மா. காலு, தொண்டை, கடைசில மூச்சு. அறிவு மட்டும் அப்பிடியே இருக்கும். அதான்மா இதுல கொடுமை."

அவர் தன் பங்குக்கு டாக்டரிடம் ஒரே கேள்விதான் கேட்டாராம், கை எம்புட்டு நாளைக்கு இருக்கும் என்று. டாக்டர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. முடிக்க வேண்டிய வேலை ஏதாவது இருந்தால் இப்போதே தொடங்கிவிடுங்கள் என்றாராம். டாக்டர் எதை நினைத்துச் சொன்னாரோ தெரியாது. மகள் கல்யாணமாக இருக்கலாம். இவர் படகு என்று எடுத்துக்கொண்டார்.

ஏன் படகு என்று கேட்காமலே அன்று சாயங்காலம் அவரே சொன்னார். சரக்கு இறக்கும் ஊரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் உண்டு. காலையில் இறக்கி முடித்துப் பல் விளக்கும் நேரத்துக்கு எதிர்க்கரையிலிருந்து ஓர் ஆள் சின்னப் படகில் வருவான். துடுப்பை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்து, பாலும் பேப்பரும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போவான். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவனிடம் பேசியதில்லை, ஏறியதும் இல்லை. ஏறலாமா என்று கேட்க வெட்கம். லோடு இறக்கியதும் திரும்பியாக வேண்டும் என்ற அவசரம் வேறு. "லாரின்னா டீசலு, டயரு, செக்போஸ்ட்டுன்னு ஆயிரம் இருக்கு. அவனுக்குக் கை மட்டும் போதும் பாத்துக்க" என்றார். மடியில் கிடந்த தன்னுடைய கையை அப்போது அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வீட்டுக்கு முன்னால் தகரம் போட்ட ஒரு சிமெண்டுத் தளம் உண்டு. அங்கேதான் என் தையல் மெஷின் இருந்தது. நாகல் நகரில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது என் தொழில். மெஷினை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தைத் தரச் சொல்லிக் கேட்டார். முடியாது என்று சொன்னேன். உள்ளே வெளிச்சம் கிடையாது, ஊசி கோர்க்கக் கண் தெரியாது, நான்தான் இப்போது சம்பாதிக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அப்புறம் இரண்டு நாள் அவர் தளத்தின் ஓரமாக நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த உட்கார்ந்திருத்தலைப் பார்க்க முடியாமல் நானே மெஷினை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

தை மாதத்துக் கடைசியில் பிளைவுட் பலகைகள் வந்து இறங்கின. படகு செய்வதை அவர் போனில் வீடியோக்களாகப் பார்த்து வைத்திருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் பேசிக்கொண்டே செய்வார். இவருக்கு அந்தப் பேச்சு புரியாது, கையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். பெரிய மரத்தைக் குடைந்தோ நீளப் பலகைகளை வளைத்தோ செய்கிற முறை இல்லை அது. பலகையில் வரைந்து, வளைவாக வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, தையலின் மேல் ரெசின் என்ற பசையைப் பூசி ஒட்டுவது. தைப்பது என்றதும் எனக்குக் கொஞ்சம் காது திறந்தது.

வளைவுகளை வரைய ஒரு பி.வி.சி. குழாயை ஆணிகளுக்கு நடுவே வளைத்து வைத்து அதன் ஓரமாகப் பென்சில் இழுக்க வேண்டும். அவர் இடது கையால் இழுத்தார். கோடு நடுங்கியது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவை நான் போய்ப் பென்சிலை வாங்கிக்கொண்டேன். வெட்டும் மெஷினை மட்டும் அவர் தானேதான் பிடிப்பேன் என்றார். இரண்டு முழங்கைகளாலும் அதை அணைத்து உடம்பால் தள்ளிக்கொண்டு போனார். மரத்தூள் முகமெல்லாம் அப்பியிருந்தது. வியர்வையில் அது களியாக வழிந்தது. ஒரு பலகை வெட்டி முடிக்க ஒரு நாள் முழுக்க ஆனது. மறுநாள் அவரால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. காப்பியை நான் வாயில் வைத்துக் கொடுத்தேன்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டார்கள், திண்டுக்கல்லில் தண்ணி எங்கே இருக்கிறது என்று. குழாயில் தண்ணீர் வருவதே பத்து நாளைக்கு ஒரு தடவையாக இருந்த வருடம் அது. பிரளயம் வரப்போகுதா, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டு வையுங்கள் என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது, ஜெபத்துக்குச் செலவழிக்க வேண்டிய நேரத்தை இப்படி வீணாக்குகிறாரே என்று ஓர் அம்மா என்னிடமே சொன்னார். நான் ஜெபம் செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் எதைக் கேட்பது என்று அந்த நாட்களில் எனக்குத் தெரியவில்லை. குணமாக்கு என்று கேட்க வாய் வரவில்லை. அது கிடைக்காது என்று தெரிந்து கேட்பது அவமானமாக இருந்தது.

தையல் முழுக்க என் கையால்தான் நடந்தது. துளையில் கம்பியை நுழைத்து, குறட்டால் முறுக்கி, அடுத்த துளைக்குப் போக வேண்டும். அவர் பக்கத்தில் நாற்காலியில் இருந்துகொண்டு எதை இறுக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவார். தட்டையாகக் கிடந்த பலகைகள் கம்பியை இறுக்க இறுக்க மெதுவாக எழுந்து வளைந்து, வயிறும் மூக்குமாக உருவம் கொண்டன. ஜாக்கெட்டில் டாட் மடிப்புப் பிடித்ததும் தட்டைத் துணி மார்பின் வடிவத்துக்கு வருவதை நான் எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்தவள். இருந்தாலும் அன்று கையிலிருந்த கம்பியை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். திரும்பி அவரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு நான் பார்த்த முழுச் சிரிப்பு அது ஒன்றுதான். வேறு இருந்ததாக நினைவில்லை.

ரெசினில்தான் எல்லாம் கெட்டது. அதைக் கலந்தவுடன் பூசிவிட வேண்டும். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே அது இன்னும் சீக்கிரமாக இறுகும். இந்த வேலையை என்னிடம் விடமாட்டேன் என்றார். கலக்கிய டப்பாவைத் தூக்கி இரண்டடி வைத்திருப்பார், கால் மடங்கிவிட்டது. கையில்தான் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், காலுக்கு வந்துவிட்டதை அன்று அந்தச் சிமெண்டுத் தரைதான் சொன்னது. டப்பா கவிழ்ந்து, அவருடைய தொடையிலும் தரையிலும் ரெசின் ஓடிப் புகைந்தது. நான் அவரைத் தூக்க முடியாமல் தூக்கி, வேட்டியைக் கிழித்து எடுத்து, தேங்காயெண்ணெயும் சோப்புமாகத் தேய்த்துக் கழுவினேன். தோல் சிவந்து கொப்புளித்துவிட்டது. அவர் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. கொட்டிய ரெசின் தரையில் கல்லாக இறுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் சோறு வேண்டாம் என்றார். நான் கோபத்தில், இதைத் தூக்கி விறகுக்குப் போடுகிறேன் என்று கத்தினேன்.

"போடு" என்றார் அமைதியாக. "போட்டுட்டு அப்புறம் நான் நாளு முச்சூடும் எதைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கன்னு சொல்லு."

அடுத்த வாரம் மகள் லீவு போட்டு வந்தாள். அவளும் நானும் சேர்ந்து, காலை வெயில் ஏறுவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தையல் ஓரமெல்லாம் பூசி ஃபைபர் துணி ஒட்டி முடித்தோம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுவதைப் போலவே இருக்கிறது என்று மகள் சொன்னாள். அவர் வாசல்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காற்றுக் குமிழி நிற்கிறது, அந்த ஓரத்தை அழுத்து என்று ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே நாக்கு லேசாகக் குழறத் தொடங்கியிருந்ததை மகளும் நானும் ஒரே நேரத்தில் கவனித்தோம். அவள் குனிந்து துணியை அழுத்தினாள். நான் டப்பாவைக் கழுவப் போனேன்.

துடுப்பு இரண்டையும் மரக்கடையில் வாங்கிய சட்டத்தில் ஓர் ஆசாரி இழைத்துக் கொடுத்தார். துடுப்பு மாட்டும் கொக்கிகளை லாரிப் பட்டறையில் இவருக்குத் தெரிந்த வெல்டர் வளைத்துத் தந்தார். குறுக்கே இரண்டு பலகைகள், உட்காருவதற்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மட்டும் மாதக்கணக்கில் நடந்தது. தையல் வேலை இல்லாத நேரமெல்லாம் தேய்த்தேன். என் விரல் நுனிகள் வழுவழுத்துப் போய், ரேஷன் கடை மெஷின் கைரேகையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடிக் காற்று அடங்கிய பிறகு பெயிண்ட் அடிக்கலாம் என்று காத்திருந்தோம். இல்லாவிட்டால் தெருப் புழுதியெல்லாம் ஈரத்தில் ஒட்டிவிடும். என்ன நிறம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வெளியே நீலம், உள்ளே வெள்ளை, விளிம்பில் சிவப்புக் கோடு. லாரிக்கு அடிக்கும் அதே பெயிண்ட். பேர் எழுத வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வண்டியில் எழுதியிருப்பதையெல்லாம் படித்துப் படித்துச் சலித்துவிட்டதாம்.

இரண்டாவது பூச்சு அடிக்கும்போது தானும் அடிக்க வேண்டும் என்றார். அதற்குள் இரண்டு கைகளும் மணிக்கட்டுக்குக் கீழே துணிபோலத் தொங்கின. ஒரு பழைய சேலை ஓரத்தைக் கிழித்துப் பிரஷை அவருடைய வலது மணிக்கட்டோடு வைத்துக் கட்டினேன். ஸ்டூலைப் படகின் பக்கத்தில் போட்டு உட்காரவைத்து, பெயிண்ட் டப்பாவை அவர் மடிக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். தோளை அசைத்துக் கையை இழுத்தார். நீலம் ஒரு முழ நீளத்துக்குப் பட்டையாக விழுந்தது. அப்புறம் கை அப்படியே பக்கவாட்டில் சரிந்து, பட்டை கீழே இழுபட்டு, பெயிண்ட் சொட்டுச் சொட்டாக வழிந்தது. மறுபடி முயன்றார். அதேதான். என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"வழிச்சு எடுத்துட்டு நீயே அடிச்சிரு. காஞ்சா மேடு தட்டிரும்."

அப்படியே இருக்கட்டுமே என்றேன். பாழாக்காதே என்றார். நான் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அவர் அடித்ததை முழுக்கத் துடைத்தேன். அதன் மேல் நானே அடித்தேன். சேலைத் துணியை அவிழ்த்துவிட்டபோது கை என் மடியில் விழுந்தது. அதில் கனமே இல்லை. ஒரு கை அவ்வளவு லேசாக இருக்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

படகு முடிந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முன்பு சிரித்த எதிர்வீட்டுக்காரர் வந்து தடவிப் பார்த்து, கடையில் வாங்கியது மாதிரியே இருக்கிறது என்றார். தண்ணீர்தான் இல்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் குளத்தைக் கேட்டாலும் நடுவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அணைப் பக்கம் போய்க் கேட்டதற்குச் சொந்தப் படகெல்லாம் விட அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் மேகம் கூடும், கலையும். அவர் தினமும் நாற்காலியிலிருந்து தகரத்தின் விளிம்புக்கு மேலே தெரியும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு பாதிக்கு மேல் போய்விட்டது. எனக்கும் மகளுக்கும் மட்டும் புரிகிற பேச்சாகிவிட்டது. சோற்றைக் குழைத்து, ரசம் ஊற்றி, ஸ்பூனால் ஊட்டுவேன். புரை ஏறும். தலையைத் தட்டிவிட்டு அடுத்த வாய்க்குக் காத்திருப்பேன். மழை வர வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். குணமாக்கு என்று கேட்க முடியாதவள், மழையைக் கேட்டேன். அது கொடுக்கக்கூடிய பொருளாகத் தோன்றியது.

எங்கள் ஊரில் பெய்யவில்லை. பழனிப் பக்கம் பெய்தது. குமுளியில் வண்டியை ஓரம் கட்டிய அந்தச் சிநேகிதர் லாரியை விட்டுவிட்டுப் பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு காலையில் போன் செய்தார்.

"ஏனுங்க அம்மிணி, நம்ம தோப்புக்குப் பக்கத்துக் கொளம் ரொம்பிருச்சுங்க. கூட்டியாங்க அவன. நான் வண்டி அனுப்பறனுங்க."

குட்டி யானை லோடு வண்டி ஒன்று வந்தது. தெருவில் பத்துப் பேர் கூடிப் படகைத் தூக்கினார்கள். வண்டியில் கவிழ்த்துப் போட்டுக் கயிறு கட்டினார்கள். நாங்கள் பின்னால் காரில் போனோம். லீவு போட்டு வந்திருந்த மகள் அவருடைய தலையைத் தோளில் தாங்கிக்கொண்டாள். ஒட்டன்சத்திரத்தைத் தாண்டும்போது மார்க்கெட்டுப் பக்கம் லோடு ஏற்றி நின்ற லாரிகளை அவர் பார்க்கவே இல்லை. முன்னால் போகும் படகின் நீலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

குளம் நிறைந்து கலங்கலாக இருந்தது. ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை. சிநேகிதர் வீட்டு ஆட்களும் தோப்பில் வேலை செய்கிறவர்களும் கரையில் நின்றார்கள். படகைத் தண்ணீரில் இறக்கியதும் அது ஒரு பக்கமும் சாயாமல், ஒரு துளியும் உள்ளே விடாமல் மிதந்தது. யாரோ கை தட்டினார்கள். அவரை நாற்காலியோடு தூக்கி வந்து பின்பலகையில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, துண்டால் பலகையோடு சேர்த்துக் கட்டினார்கள். சிநேகிதர் தானே துடுப்புப் போடுவதாகச் சொன்னார். இவர் கண்ணால் என்னைக் காட்டினார். எனக்கு நீச்சல் தெரியாது. ஏறினேன்.

துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். எனக்கு அது அன்றுதான் தெரியும். நான் போகும் இடத்தைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். முதலில் படகு ஒரே இடத்தில் சுற்றியது. ஒரு துடுப்பு ஆழமாகப் போகும், இன்னொன்று தண்ணீரைச் சீவிவிட்டு வெளியே வரும். கரையில் சிரித்தார்கள். பிறகு கை பழகிவிட்டது. நாங்கள் நடுக்குளத்துக்கு வந்திருந்தோம். மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. கரையின் சத்தம் குறைந்து, துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அவருடைய முகத்தில் எதையோ எதிர்பார்த்தேன். பலகைகள் எழுந்து உருவம் கொண்ட அன்று பார்த்தேனே, அதைப் போல எதையாவது.

அவர் வாயைத் திறந்து ஏதோ சொன்னார். குழறியது. துடுப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து கேட்டேன்.

"இது இல்ல" என்றார்.

"என்னங்க இல்ல?"

வெகுநேரம் முயன்று, ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினார். "நான்... ஓட்டணும்னு... செஞ்சேன்."

முன்னால் நகர்ந்து, அவருடைய கையைத் தூக்கித் துடுப்பின் பிடியில் வைத்து, அதன் மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டு இழுத்தேன். படகு ஓர் அடி நகர்ந்திருக்கும். என் கைக்கு அடியிலிருந்து அவருடைய கை வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. விரல்கள் தண்ணீரில் கிடந்தன. கையை எடுத்து என் மடியில் வைத்துத் துடைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். திரும்பு என்றார். அது தெளிவாகவே வந்தது.

திரும்பும்போது ஆகாயத்தாமரையில் துடுப்பு சிக்கிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. சிநேகிதர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து கயிறு போட்டுக் கரைக்கு இழுத்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். எப்படி இருந்தது, எப்படி இருந்தது என்று கேட்டார்கள். சிநேகிதரின் மனைவி எங்கள் வாயில் பஞ்சாமிர்தம் கொடுத்தார். என் கணவர் எல்லோருக்காகவும் உதட்டை விரித்துச் சிரிப்பதுபோலச் செய்தார். சிநேகிதர் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நினைத்ததைச் சாதித்துவிட்டான் என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

படகை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. என் மெஷினை மறுபடி வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் நாற்காலி உள்ளே போனது, அப்புறம் நாற்காலியும் இல்லாமல் கட்டில் மட்டும். வயிற்றில் குழாய் போட்டால் சாப்பாடு இறங்கும் என்று மகள் கெஞ்சினாள். அவர் கண்களை இறுக மூடிக்கொள்வார், அதுதான் வேண்டாம் என்பதற்கு அடையாளம். பின்பு ஒரு சளிக் காய்ச்சல் வந்தது. மகள் வந்து கூடவே இருந்தாள். அறிவு அவருக்குக் கடைசி நாள்வரை தெளிவாக இருந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போகிற காலை நேரத்தில் மூச்சு நின்றது. நான் அவருடைய வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன், நின்றதைக் கவனிக்கவில்லை. மகள்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அந்தக் குளத்தில் மீன் குத்தகை எடுத்தவர் இரை போடுவதற்குப் படகைக் கேட்கிறார், கொடுக்கலாமா என்று சிநேகிதர் கேட்டார். கொடுங்கள் என்றேன். படகு அங்கே ஒரு வருடம் ஓடியது. கோடையில் குளம் வற்றியபோது யாரும் நிழலுக்கு இழுத்துப் போடவில்லை. வெயிலில் பலகை அடுக்கடுக்காகப் பிரிந்து அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டது. பார்த்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மிணி என்று சிநேகிதர் போனில் அழுதார். நான் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னேன். நான் அழாதது ஏன் என்று போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் யோசித்தேன். அழுவதற்கு அதில் ஏதாவது மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் அந்தக் கதை இப்போதும் இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறார்கள். ஜாக்கெட் அளவு கொடுக்க வரும் பெண்கள் என்னிடமே கேட்கிறார்கள், உங்கள் வீட்டுக்காரர் சாகும் முன் சொந்தமாகப் படகு செய்து ஓட்டினாராமே, ஆசை நிறைவேறித்தானே போனார் என்று. முதல் வருடத்தில் நான் மறுப்பேன். இல்லை, அவர் ஓட்டவில்லை, நிறைவேறவில்லை என்பேன். கேட்டவர்கள் முகம் சங்கடப்படும். நான் சோகத்தில் அப்படிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எனக்குத் தேறுதல் சொல்லத் தொடங்குவார்கள். அவருடைய ஆன்மா சாந்தியடைந்திருக்கும், நீங்கள்தான் அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தீர்கள் என்பார்கள். அதையும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.

இப்போதெல்லாம் மறுப்பதில்லை. ஆமா என்று சொல்லிவிட்டு, கையைத் தூக்கச் சொல்லி அளவெடுக்கிறேன்.